சைக்கிள் ஃபிட்: வீட்லயே பாத்துக்கறதா, பார்ட்ஸ் மாத்தறதா, ஃபிட்டர்கிட்ட போறதா?

சைக்கிள் ஃபிட்னா சீட், ஹேண்டில்பார், பெடல் எல்லாத்தையும் ஓட்டறவரோட உடம்புக்கேத்த மாதிரி அமைக்கறது, அத செஞ்சு தர்றவர் ஃபிட்டர். சைக்கிள் ஓட்டி முட்டி வலிக்குதுன்னு வர்றவங்ககிட்ட நான் மொதல்ல கேக்கறது "சீட்ல உக்காந்தபடியே ரெண்டு பாதமும் தரையில நல்லா பதியுதா?"ங்கறதுதான். "ஓ, நல்லா பதியுதே"ன்னு பெருமையா பதில் வந்துச்சுன்னா பாதி வியாதி அங்கயே தெரிஞ்சுபோச்சு. சாதாரண சைக்கிள்ல கிராங்க் (பெடல் மாட்டியிருக்கற கை) சுத்தற நடு அச்சு தரையிலேர்ந்து சுமார் 27 செ.மீ. உயரத்துல இருக்கும், கிராங்க் நீளம் 17 செ.மீ., அப்ப பெடல் அடியில வந்து நிக்கும்போதுகூட தரைக்கு மேல 10 செ.மீ.ல தான் இருக்கும். கால் தரையைத் தொடற மாதிரி சீட்ட எறக்கி வச்சா பெடல் மேல அந்த கால் முழுசா நீள வழியே இல்ல, மிச்சத்த முட்டி மடங்கித்தான் சரிக்கட்டணும். நிமிஷத்துக்கு 90 சுத்துன்னு ஒரு மணி நேரம் மிதிச்சா ஒவ்வொரு காலும் 5400 தடவ சுத்துது. 5400 தடவ அரைகுறையா குந்தி எந்திரிச்சா எந்த முட்டி சும்மா இருக்கும் சொல்லுங்க.

இத இவ்ளோ உறுதியா சொல்றேன்னா, நானே ரெண்டு வருஷம் அப்படித்தான் ஓட்டினேன். முட்டிக்கு முன்பக்கம் வலி வந்துச்சு, ஜெல் கவர் வாங்கினேன், அப்புறம் அகல சீட் வாங்கினேன், அப்புறம் முட்டிக்கு உறை மாட்டினேன், எதுவும் வேலைக்காகல. யாரோ "சீட்ட ஏத்துப்பா"ன்னு சொன்னதும் ஒரே நாள்ல 4 செ.மீ. ஏத்தி விட்டுட்டு அன்னிக்கே நீளமா ஒரு ரைடு போனேன், முன்பக்க வலி போயி முட்டிக்குப் பின்னாடி நரம்பு இழுக்க ஆரம்பிச்சுது, பின்னாடி வந்த ஃப்ரெண்டு "என்னடா இடுப்பு ரெண்டு பக்கமும் ஆடுது, டான்ஸா"ன்னு கேட்டான். கடைசியில ஒரு ஃபிட்டர்கிட்ட போய்த்தான் நின்னேன். அதனால எந்த வழி பெட்டர்னு யாராவது கேட்டா, எல்லா வழியிலயும் போய் அடிபட்டவன்ங்கற தகுதியில பேசறேன்.

கையில இருக்கற ஆப்ஷன் மொத்தம் அஞ்சு. வீட்லயே நாமளே அளந்து வச்சுக்கறது, பார்ட்ஸ் மாத்திப் பாக்கறது, அனுபவமுள்ள ஃபிட்டர்கிட்ட போறது, கேமரா சென்சார்னு வச்சு பண்ற மோஷன் கேப்சர் ஃபிட், கடைசியா சைக்கிளயே மாத்தறது. பெரும்பாலான பேர் இதுல ரெண்டாவதுலேர்ந்து ஆரம்பிக்கறாங்க. என்னைக் கேட்டா காரணம் தெரியாம அதுலேர்ந்து ஆரம்பிக்கறது ஒண்ணுதான் நிச்சயமான தப்பு, மத்தபடி எல்லாத்துக்கும் ஒவ்வொரு நேரம் இருக்கு.

மொதல்ல வீட்டு வைத்தியம். சீட் உயரத்துக்கு ரொம்ப ஈஸியான வழி குதிகால் முறை. சுவத்தப் பிடிச்சுக்கிட்டு சைக்கிள்ல ஏறி உக்காந்து குதிகால பெடல் மேல வச்சு பின்னோக்கி சுத்துங்க, பெடல் அடியில வரும்போது கால் நேரா நீளணும், அதே சமயம் இடுப்பு ஒரு பக்கமா சாயக்கூடாது. அப்புறம் முன்பாதத்த வச்சு மிதிச்சா முட்டியில தேவையான அளவு மடக்கம் தானா வந்துரும். சும்மா பக்கத்துல போய்ட்டு வர்றவங்களுக்கு இது போதும், மேல படிக்காம போய் செஞ்சு பாருங்க.

கொஞ்சம் துல்லியமா வேணும்னா கால் உள்ளளவு எடுக்கணும். சுவத்துல முதுகு ஒட்டி வெறுங்காலோட நின்னு, ஒரு கெட்டி அட்டை புத்தகத்த கவட்டைக்குள்ள சைக்கிள் சீட் மாதிரி நல்லா அழுத்தி வச்சு, புத்தகத்தோட மேல் விளிம்புக்கு நேரா சுவத்துல பென்சில் கோடு போட்டு தரையிலேர்ந்து அளங்க. இந்த அளவ வச்சு ரெண்டு ஃபார்முலா பிரபலம். ஒண்ணு அமெரிக்க சைக்கிள் ரேஸ் வீரர் கிரெக் லெமாண்ட் மூலமா 1980கள்ல பரவின 0.883, உள்ளளவ இதால பெருக்கினா கிராங்க் நடு அச்சுலேர்ந்து சீட் மேல்பரப்பு வரைக்குமான தூரம் கிடைக்கும். இன்னொண்ணு ஹேம்லி, தாமஸ்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 1967ல சொன்ன 109 சதவீதம், இது கீழ நிக்கற பெடலோட அச்சுலேர்ந்து சீட் வரைக்கும்.

இங்கதான் ஒரு வேடிக்கை. உள்ளளவு 80 செ.மீ., கிராங்க் 17 செ.மீ.ன்னு வச்சுக்குவோம். லெமாண்ட் கணக்குல 70.6 வருது. மத்ததுல 87.2லேர்ந்து 17 போக 70.2 வருது. பரவால்ல, 4 மில்லிமீட்டர்தான் வித்தியாசம், ரெண்டும் கைகுலுக்கிக்குது. இப்ப உள்ளளவு 70 உள்ள ஆளுக்கு போட்டுப் பாருங்க, ஒண்ணு 61.8 சொல்லுது, இன்னொண்ணு 59.3 சொல்லுது, ரெண்டரை செ.மீ. வித்தியாசம். ஒரு செ.மீ. ஏத்தி எறக்கினாலே முட்டிக்குத் தெரியும், இதுல ரெண்டரைன்னா எத நம்பறது. லெமாண்ட் கணக்குல கிராங்க் நீளமே வராதுங்கறது அந்த இடைவெளிக்கு ஒரு காரணம். அதனால ரொம்ப குள்ளமாவோ ரொம்ப உயரமாவோ இருக்கறவங்க ஃபார்முலாவ வேதவாக்கா எடுத்துக்காதீங்க, அது வண்டிய ஸ்டார்ட் பண்ற சாவி மட்டும்தான்.

ஃபார்முலாவ விட நான் நம்பறது கோணம். பெடல் அடியில நிக்கும்போது முட்டி முழுசா நீண்டதுலேர்ந்து 25லேர்ந்து 35 டிகிரி மடங்கியிருக்கணும்ங்கறது பரவலா ஏத்துக்கிட்ட கணக்கு. இதுக்கு இன்னிக்கு போன் போதும். சைக்கிள டிரெய்னர்ல (சைக்கிள நகராம நிறுத்தி வச்சு மிதிக்க விடற ஸ்டாண்டு) மாட்டி, இடுப்பு எலும்பு பக்கவாட்டுல துருத்தற இடம், முட்டியோட வெளிப்பக்கம், கணுக்கால் எலும்புன்னு மூணு ஸ்டிக்கர் ஒட்டி, போன இடுப்பு உயரத்துல நேர் பக்கவாட்டுல நல்லா தள்ளி வச்சு ஸ்லோமோஷன்ல எடுங்க. பத்து நிமிஷம் மிதிச்சு வியர்வை வந்தப்புறம் எடுங்க, ஏறின உடனே எல்லாரும் போட்டோவுக்கு நிக்கற மாதிரி ஒழுங்கா உக்காருவோம். இன்னொண்ணு, அந்த 25-35 அசையாம நின்னு அளக்கறதுக்கான கணக்கு, ஓடற வீடியோவுல அளந்தா கணுக்கால் அசையறதால சில டிகிரி கூடுதலா காட்டும், பயந்து உடனே சீட்ட ஏத்திடாதீங்க.

சீட்ட முன்ன பின்ன தள்றதுக்கு பழைய முறை தூக்குக்குண்டு. கிராங்க படுக்கைவசமா நிறுத்தி முன்கால் முட்டிக்கு கீழ இருக்கற எலும்பு மேட்டுலேர்ந்து தூக்குக்குண்டு விட்டா நூல் பெடல் அச்சுக்கு நேரா எறங்கணும்ங்கறாங்க. சைக்கிள் வடிவமைப்பாளர் கீத் பான்ட்ரேகர் இத ரொம்ப வருஷம் முன்னாடியே கிண்டலடிச்சுட்டாரு, இதுக்கு உடலியல் காரணம் எதுவும் இல்ல, பல பேருக்கு தற்செயலா ஒத்துப்போகுது அவ்ளோதான்னு. நியாயந்தான், சாஞ்சு படுத்து ஓட்டற சைக்கிள்ல அந்த நூல எங்க விடுவீங்க? ஆனாலும் ஆரம்பிக்க ஒரு இடம் வேணுமே, நான் தூக்குக்குண்டுல ஆரம்பிச்சு பேலன்ஸ் டெஸ்ட்ல முடிக்கறேன். கொஞ்சம் நல்லா மிதிச்சுக்கிட்டே ஹேண்டில்பார்லேர்ந்து கைய ஒரு அங்குலம் தூக்கணும், உடம்பு முன்னாடி தடால்னு விழுந்தா சீட் ரொம்ப முன்னாடி இருக்குன்னு வச்சுக்கலாம். டிரெய்னர்லயே செஞ்சு பாருங்க, ரோட்ல வேண்டாம். சீட்ட 1 செ.மீ. பின்னாடி தள்ளினா கிராங்க்லேர்ந்து தூரம் சுமார் 3 மில்லிமீட்டர் கூடிரும், அத கீழ எறக்கி சரி பண்ணணும். இத விட்டுட்டு "தள்ளினேன், புதுசா வேற எங்கயோ வலிக்குது"ன்னு பொலம்பினவங்க லிஸ்ட்ல நானும் இருக்கேன்.

சீட் மட்டமா இருக்கான்னு பாக்க ரசமட்டம் இருந்தா போதும். மட்டமா வச்சு ஆரம்பிங்க, மூக்கு ஒண்ணு ரெண்டு டிகிரி கீழ எறங்கலாம், அதுக்கு மேல போனா ஒரு சங்கிலி ஆரம்பிக்கும். கவட்டையில அழுத்துதுன்னு மூக்க நல்லா எறக்குவாங்க, உடனே உடம்பு முன்னாடி வழுக்கும், வழுக்காம இருக்க கையால தள்ளிப் பிடிப்பாங்க, ரெண்டு வாரத்துல சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போகும். உள்ளங்கையோட ஓரமா ஓடற நரம்பு நசுங்கறதுதான் அது. அப்புறம் ஜெல் க்ளவுஸ் வாங்கப் போவாங்க. நோய் சீட்ல, மருந்து கையில.

சரி, வீட்டு முறையோட குறை என்ன? நம்மள நாமே முன்னாடிலேர்ந்து பாக்க முடியாது. முட்டி உள்பக்கமா சரியுதா, ஒரு கால் நீளம் கம்மியா, கிளீட் (ஷூவ பெடலோட பூட்ட ஷூ அடியில மாட்டற துண்டு) கோணலா இருக்கான்னு பக்கவாட்டு வீடியோ காட்டாது. இன்னொரு பெரிய சிக்கல், உடம்பு பழகின தப்ப சரின்னு சொல்லும். பல வருஷம் தாழ்வான சீட்ல ஓட்டினவனுக்கு சரியான உயரம் மரத்து மேல ஏறி உக்காந்த மாதிரித்தான் இருக்கும். அதனால ஒரு தடவைக்கு 3லேர்ந்து 5 மில்லிமீட்டர், ஒரு நேரத்துல ஒரே ஒரு மாத்தம், ரெண்டு மூணு ரைடு ஓட்டிப் பாத்துட்டு அடுத்தது. பொறுமை இல்லாதவங்களுக்கு இந்த ஆப்ஷன் ஆகாது, எனக்கு ஆகல.

இப்ப பார்ட்ஸ். பார்ட்ஸ் மாத்தறதே தப்புன்னு சொல்லல, காரணம் தெரியாம மாத்தறதுதான் தப்பு. சீட்டயே எடுத்துக்கங்க. மெத்து மெத்துன்னு இருந்தா வலிக்காதுன்னு நினைக்கறோம், ஆனா மெத்தையில உக்காரும் எலும்பு ரெண்டும் உள்ள அமுங்கிட்டா நடுவுல இருக்கற மெத்தை மேல பிதுங்கி வந்து எங்க அழுத்தக்கூடாதோ அங்கயே அழுத்தும். அரை மணி நேரத்துக்கு சொகம், ரெண்டு மணி நேரத்துக்கு நரகம். சீட்ல பாக்க வேண்டியது அகலம். ஒரு அட்டைப்பெட்டிய வெட்டி கெட்டியான படியில போட்டு, அது மேல முட்டிய ஒசத்தி நல்லா அழுந்த உக்காந்து எந்திரிச்சா ரெண்டு குழி விழும், அந்தக் குழியோட நடுவுலேர்ந்து நடுவுக்கு உள்ள தூரம்தான் உங்க எலும்பு அகலம். சீட் அத விட கொஞ்சம் அகலமா இருக்கணும். செலவே இல்லாத டெஸ்ட், இத பண்ணாம நான் மூணு சீட் வாங்கினேன்.

ஸ்டெம் (ஹேண்டில்பார சைக்கிளோட இணைக்கற துண்டு) மாத்தறது நல்ல மருந்துதான், ஆனா டோஸ் இருக்கு. கை ரொம்ப நீட்ட வேண்டியிருந்தா 1 செ.மீ., மிஞ்சிப்போனா 2 செ.மீ. குட்டையா போடலாம், கழுத்து வலிச்சா ஸ்டெம்ம திருப்பி மாட்டி ஹேண்டில்பார ஒசத்தலாம், இதுக்கு ஆலன் கீ மட்டும்தான் செலவு. அதுக்கும் மேல குறைக்கணும்னு தோணுச்சுன்னா பிரச்சினை ஸ்டெம்ல இல்ல, ஃப்ரேம்ல.

கிராங்க் பத்தி தனியா சொல்லணும், ஏன்னா இப்ப எல்லாரும் அத பத்தித்தான் பேசறாங்க. 2024ல ஸ்லோவேனியா ரேஸ் வீரர் தாடெய் பொகாச்சர் 165 மில்லிமீட்டர் கிராங்க்குக்கு மாறினதுலேர்ந்து குட்டை கிராங்க் மோகம். கிராங்க் குட்டையானா பவர் போயிரும்னு ரொம்ப காலமா ஒரு பயம் இருந்துச்சு. 2001ல மார்ட்டின், ஸ்பிர்டூசோன்னு ரெண்டு பேர் 120லேர்ந்து 220 மில்லிமீட்டர் வரைக்கும் கிராங்க் மாட்டி டெஸ்ட் பண்ணாங்க, அவ்ளோ பெரிய வித்தியாசத்துக்கும் உச்சபட்ச பவர் சுமார் 4 சதவீதம்தான் மாறுச்சு. அப்ப 175லேர்ந்து 165க்கு வந்தா ஒண்ணும் குடிமுழுகிப் போயிராது. லாபம் என்னன்னா பெடல் மேல வரும்போது முட்டி நெஞ்சுகிட்ட அவ்ளோ நெருங்காது, இடுப்பு மடக்கம் கொறையும். கால் குட்டையா இருக்கறவங்களுக்கும், குனிஞ்சா தொப்பையில தொடை இடிக்கறவங்களுக்கும் (கையத் தூக்கிட்டேன், நானும்தான்) இது நெஜமான உதவி. ஆனா கிராங்க் 1 செ.மீ. கொறைஞ்சா சீட்ட 1 செ.மீ. ஏத்தணும், சீட்ட ஏத்தினா ஹேண்டில்பார் அந்தளவு பள்ளத்துல போயிரும். ஒண்ண தொட்டா இன்னொண்ணு நகரும், தனியா எதையும் மாத்த முடியாது.

அடுத்தது ஃபிட்டர். நான் போனவர் மொத அரை மணி நேரம் சைக்கிளையே தொடல. எவ்ளோ தூரம் ஓட்டற, எத்தனாவது கிலோமீட்டர்ல வலி ஆரம்பிக்குது, பழைய அடி எதாவது உண்டா, நாள் முழுக்க உக்காந்த வேலையான்னு கேள்வியா கேட்டார். அப்புறம் பெஞ்சுல மல்லாக்க படுக்க வச்சு காலைத் தூக்கி தொடை பின்தசை எவ்ளோ இறுக்கம்னு பாத்தார். எனக்கு 90 டிகிரி கிட்டயே வரல, "இந்த கால வச்சுக்கிட்டு ரேஸ்காரன் மாதிரி குனியணும்னு ஏன் ஆசப்பட்டீங்க"ன்னு சிரிச்சார். அப்புறம் முன்னாடி நின்னு மிதிக்கறத பாத்துட்டு ரெண்டே நிமிஷத்துல சொன்னார், இடது கிளீட் தப்பான கோணத்துல இருக்கு, பாதம் இயல்பா வெளிப்பக்கம் பாக்குது, கிளீட் நேரா பூட்டி வச்சிருக்கு, அந்த சண்டைய முட்டிதான் வாங்கிக்குது. ஷிமானோ ரோடு கிளீட்ல செவப்பு போட்டா பாதம் துளிகூட அசையாது, நீலம் 2 டிகிரி, மஞ்சள் 6 டிகிரி. நான் கலர் அழகா இருக்குன்னு செவப்பு போட்டிருந்தேன்! மஞ்சளுக்கு மாத்தி கிளீட்ட கொஞ்சம் பின்னாடி தள்ளி திருப்பி விட்டார், சீட்ட நான் ஏத்தின 4 செ.மீ.ல ஒண்ணரைய எறக்கினார், அவ்ளோதான் வேலை. இத நான் வீட்ல நூறு வீடியோ எடுத்தாலும் கண்டுபிடிச்சிருக்க மாட்டேன்.

மோஷன் கேப்சர் இதுக்கு மேலயான்னா, அளக்கறதுல மேல, புரிஞ்சுக்கறதுல அவசியம் இல்ல. 2007ல அமெரிக்காவுல போல்டர் நகரத்துல ஆரம்பிச்ச ரெட்டூல் மாதிரி சிஸ்டம்ல உடம்புல மின்னற சின்ன விளக்குகள ஒட்டி மிதிக்க விட்டு ஒவ்வொரு மூட்டோட கோணத்தையும் ஓடும்போதே எடுத்துரும், ஒரு சுத்துல முட்டி பக்கவாட்டுல எவ்ளோ அலையுதுன்னு மில்லிமீட்டர்ல சொல்லும். நாள் பூரா ரேஸ் ஓட்டறவனுக்கும், டைம் டிரையல்ல (தனியா நேரத்தோட போட்டி போடற ரேஸ்) படுத்து ஓட்டறவனுக்கும், ஃபிட்டுக்கு முன்னாடி பின்னாடி அளவ பக்கத்துல பக்கத்துல வச்சு பாக்கணும்ங்கறவனுக்கும் அது மதிப்புதான். ஆனா இடுப்பு 48 டிகிரின்னு ஸ்கிரீன்ல வந்ததும் அது உங்களுக்கு நல்லதா கெட்டதான்னு யார் சொல்றது? பக்கத்துல நிக்கற ஆளுதான். என் ஃப்ரெண்ட் ஒருத்தன் பெரிய கேமரா செட்டப் வச்சிருந்த ஒரு இடத்துக்கு போனான், கேள்வியே கேக்காம எல்லா நம்பரையும் பச்சைக்கு கொண்டு வந்து அனுப்பிட்டாங்க, அவனுக்கு பழைய தோள்பட்டை அடி இருக்கறத யாரும் கேக்கல, ஒரு மாசத்துல பழைய ஸ்டெம்ம திரும்ப மாட்டிக்கிட்டான். கேமரா உள்ள சுமாரான ஆள், தூக்குக்குண்டும் கோணமானியும் மட்டும் வச்சிருக்கற நல்ல ஆள்னு ரெண்டு பேர்ல ஒருத்தர எடுக்கச் சொன்னா நான் யோசிக்காம ரெண்டாவது ஆள்கிட்ட போவேன். ரெண்டும் சேந்த ஆள் கிடைச்சா அதிர்ஷ்டம். புக் பண்றதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேளுங்க, "ஃபிட் முடிஞ்சு சில வாரம் கழிச்சு வந்தா திரும்ப பாப்பீங்களா?" பாப்போம்னு சொல்றவர்தான் வேணும்.

ஏன்னா ஃபிட் ஒரே நாள்ல முடியற கதை இல்ல. பெல்ஜியம் ரேஸ் வீரர் எட்டி மெர்க்ஸ் 1969ல பிரான்ஸ்ல ப்ளுவா நகரத்து வெலோட்ரோம்ல (சைக்கிள் பந்தயத் தடம்) மோசமா விழுந்து அடிபட்டப்புறம் முதுகு வலி அவர விடவே இல்ல, ரேஸ் நடக்கும்போதே சாவி எடுத்து சீட் உயரத்த மாத்திக்கிட்டே இருப்பார். அவ்ளோ வேணாம், ஆனா உடம்பு மாறும், எடை கூடும் கொறையும், அதுக்கேத்த மாதிரி சைக்கிளும் மாறணும்.

கடைசி ஆப்ஷன் சைக்கிளயே மாத்தறது. கேக்கவே கசப்பா இருக்கும், ஆனா ஃப்ரேம் சைஸ் தப்பா இருந்தா மேல சொன்ன எல்லாமே செருப்புக்கேத்த மாதிரி கால வெட்டிக்கற வேலைதான். சீட்ட முழுசா முன்னாடி தள்ளி, ஸ்டெம்ம இருக்கறதுலயே குட்டையா போட்டும் கை எட்டலையா, ஃப்ரேம் பெருசு. சீட்போஸ்ட்ல (சீட்ட தாங்கற குழாய்) ஃப்ரேமுக்குள்ள இவ்ளோவாவது இருக்கணும்னு போட்டிருக்கற மினிமம் இன்சர்ட் கோட்டையே தாண்டினாத்தான் கால் நீளுதா, ஃப்ரேம் சிறுசு, அந்தக் கோட்ட தாண்டி ஒருநாளும் ஏத்தாதீங்க, ஒடைஞ்சா எங்க குத்தும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. புதுசா வாங்கறவங்க எஸ், எம், எல்னு போட்டிருக்கறத நம்பாதீங்க, ஒரு கம்பெனியோட எம் இன்னொரு கம்பெனியோட எல். ஸ்டாக், ரீச்னு ரெண்டு நம்பர் போட்டிருப்பாங்க, கிராங்க் அச்சுலேர்ந்து ஃப்ரேமோட முன்கழுத்து எவ்ளோ மேல, எவ்ளோ முன்னாடிங்கறதுதான் அது. வலியில்லாம ஓட்டின ஒரு சைக்கிளோட ஸ்டாக் ரீச் தெரிஞ்சா அத வச்சு எந்த பிராண்டையும் ஒப்பிடலாம். வாங்கறதுக்கு முன்னாடியே ஒரு ஃபிட்டர்கிட்ட அளந்துட்டு வாங்கறவங்கதான் என் கண்ணுக்கு புத்திசாலிங்க, அந்த புத்தி எனக்கு ரெண்டாவது சைக்கிளுக்குத்தான் வந்துச்சு.

அப்ப யாரு எதுக்கு போறது. வாரத்துக்கு ரெண்டு நாள், ஒரு மணி நேரத்துக்குள்ள, சாதாரண பெடல்ல ஓட்டறீங்கன்னா குதிகால் முறையும் ரசமட்டமும் போதும். கிளிப் பெடல் (கிளீட் பூட்டற பெடல்) போட்டு ரெண்டு மூணு மணி நேரம் ஓட்டறீங்க, ஒரே இடத்துல திரும்ப திரும்ப வலிக்குது, இல்ல ஒரு கால்ல மட்டும் வலிக்குதுன்னா வீட்ல வச்சு நோண்டாம ஃபிட்டர்கிட்ட போங்க, ஒரு பக்கம் மட்டும் வலிக்கறது வீட்ல தீர்றது கஷ்டம். முட்டி வீங்கியிருந்தாலோ ராத்திரி தூங்கும்போதும் வலிச்சாலோ அத வெறும் சைக்கிள் சமாச்சாரம்னு விட்டுராதீங்க, டாக்டர பாருங்க. ரேஸ் இருக்கு, செலவு பண்ண தயார்னா மோஷன் கேப்சர். கார்பன் சீட்போஸ்ட்னா டார்க் ரெஞ்ச் (எவ்ளோ இறுக்கறோம்னு அளவு காட்டற ஸ்பேனர்) இல்லாம யாரும் கைய வைக்காதீங்க, எத்தன நியூட்டன் மீட்டர்னு பக்கத்துலயே போட்டிருப்பாங்க.

போறதுன்னு முடிவாயிருச்சுன்னா, தினமும் போடற அதே ஷூ, அதே ஷார்ட்ஸோட போங்க, ஃபிட்டுக்காக புதுசா வாங்கிட்டு போகாதீங்க. போறதுக்கு முன்னாடி சீட்போஸ்ட்ல இப்ப இருக்கற உயரத்துக்கு நேரா ஒரு இன்சுலேஷன் டேப் சுத்திருங்க, சீட் நுனிலேர்ந்து ஹேண்டில்பார் நடு வரைக்கும் தூரத்த அளவு டேப் வச்சு அளந்து போன்ல எழுதிக்கங்க. என் சீட்போஸ்ட்ல இன்னிக்கும் மூணு கலர்ல டேப் இருக்கு, இருக்கறதுலயே மேல இருக்கறது அந்த ரெண்டு வருஷம் முட்டி வலிச்ச தாழ்வான உயரம்.